உள்ளே போகிற தோட்டா

"அண்ணாச்சிக்கு இந்தக் கடைல இருபத்தேழு வருஷ சர்வீஸ், அவர்ட்ட கேட்டுக்கிடுங்க" என்று முதலாளி, புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் மூன்று பேரிடமும் சொல்லியிருப்பார். உண்மைதான். ஆனால் அதில் முதல் இருபத்தைந்து வருஷம் எனக்குத் தோட்டா விற்கத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

லைசென்ஸில் எந்தப் பக்கத்தில் பதிவு போடுவது, முத்திரை எங்கே வைப்பது, மாதக் கணக்கை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது, இதெல்லாம் ஒரு வாரத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். கைக்கு வந்துவிடுவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. கை பழகிய பிறகு கண் சோம்பேறியாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

தேர்தல் முடிந்து, முடிவும் வந்துவிட்ட வாரம் அது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ நம்மைப் போன்ற கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும் அல்லவா. முடிந்ததும் அத்தனை பேரும் சொல்லிவைத்தது போல் ஒரே நாளில் திரும்ப வாங்க வருவார்கள். அன்றைக்கு அப்படி ஒரு நாள். சாரலும் தொடங்கிவிட்டது. கடைக்குள் ஈரக் குடைகளும் ஈர வேட்டிகளுமாகப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் நின்றார்கள். முதலாளி திருநெல்வேலிக்குப் போயிருந்தார். கவுண்டரில் நான் ஒருத்தன்தான்.

கூட்டத்தில் ஒரு அம்மா நின்றார். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மேலகரத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், பெயர் சண்முகவடிவு. அவருடைய அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா இறந்த பிறகு அவருடைய ரைஃபிளைத் தன் பெயருக்கு மாற்ற இரண்டு வருஷம் அலைந்திருக்கிறார். அண்ணன் தம்பிகள், 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு, சரண்டர் பண்ணிரு' என்று சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் கேட்கவில்லை. குற்றாலத்துப் பக்கம் இருக்கும் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, முறையாகக் கற்றுக்கொண்டு சுடுவது என்று முடிவெடுத்துவிட்டார். அன்று மூன்று மணிக்கு அவருக்கு முதல் வகுப்பு. ரைஃபிளை முந்தின நாளே ஸ்டேஷனில் இருந்து வாங்கிவிட்டார்; தோட்டா வாங்கத்தான் கடைக்கு வந்திருந்தார். வாழ்க்கையில் முதல் தோட்டா.

லைசென்ஸை வாங்கிப் பார்த்தேன். 'பாயிண்ட் 22 போர் ரைஃபிள்' என்று எழுதியிருந்தது. திரும்பி, அலமாரியில் இருந்து வழக்கமான பாயிண்ட் 22 தோட்டாவில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தேன். ஐம்பது தோட்டா.

டீச்சர் பெட்டியைத் தொடவில்லை. கைப்பையில் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"அண்ணாச்சி, பேரல் மேல என்னமோ எழுதியிருக்கு. சரியாத் தெரியல. தாள வச்சு பென்சில தேச்சு எடுத்திட்டு வந்திருக்கேன். இதையும் ஒரு தடவ பாத்திட்டுச் சொல்லுங்களேன்."

பின்னால் நின்றவர் சுரண்டையில் அரிசி மண்டி வைத்திருக்கும் பரமசிவம். பெரிய குரல். "யம்மா, சீக்கிரம் ஆகட்டும், எனக்கு பஸ் போயிரும்லா" என்றார்.

நான் தாளை வாங்கி, ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தேனா என்றால், கண் அதன் மேல் பட்டது. அவ்வளவுதான்.

"லைசென்ஸ்லயே போட்டிருக்கே டீச்சர். இருபத்திரண்டுன்னா இருபத்திரண்டுதான். எல்லாம் ஒண்ணுதான். தைரியமாப் போங்க."

"அப்போ இது உள்ள சரியாப் போயிருமா?"

"ஜம்முனு போயிரும்."

அவர் முகத்தில் ஒரு தயக்கம் இருந்ததை இப்போதும் என்னால் சொல்ல முடியும். அப்போதும் பார்த்தேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் இருக்கிற பயம் என்று நினைத்துக்கொண்டேன். பதிவு போட்டு, கையெழுத்து வாங்கி, பெட்டியைக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டே முக்கால் இருக்கும். கூட்டம் குறைந்து பரமசிவம் ஒருவர் மட்டும் நின்றார். பஸ் போயிரும் என்றவர் பஸ்ஸை விட்டுவிட்டு, தன் ரைஃபிளை வாங்காமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். ஸ்டாம்ப் பேடை எடுக்கப் போனேன். அந்தத் தாள் பக்கத்திலேயே கிடந்தது.

வேலை இல்லாத கண் நன்றாகப் பார்க்கும். பென்சில் கருப்புக்கு நடுவே வெள்ளையாக இரண்டு இரண்டு. கொஞ்சம் தள்ளி ஒரு 'எம்'. அதன் பக்கத்தில் ஒரு 'ஏ'. அதற்கப்புறம் துரு அரித்த மங்கல்.

தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தேன்.

பாயிண்ட் 22 என்ற பெயரில் ஒரே ஒரு தோட்டா மட்டும் இல்லை. அதிலேயே மேக்னம் என்று ஒன்று இருக்கிறது. நீளம் கொஞ்சம் அதிகம், பித்தளைக் கூடும் கொஞ்சம் பருமன், வேகமும் அதிகம். அந்த ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறை, அதாவது சேம்பர், அந்தப் பருமனுக்கு ஏற்பக் குடைந்திருக்கும். நம்மூர்ப் பக்கம் அபூர்வம். என் சர்வீஸில் இரண்டு மூன்றுதான் பார்த்திருக்கிறேன். வழக்கமான பாயிண்ட் 22 தோட்டாவை அதில் போட்டால் என்ன ஆகும்? உள்ளே போகாது, அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பீர்கள். போகும். நான் டீச்சரிடம் சொன்னது போலவே ஜம்மென்று போகும். சுடவும் செய்யும். ஆனால் சுற்றி இடம் இருப்பதால் பித்தளைக் கூட்டைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. அது ஊதிப் பிளக்கும். சூடான வாயுவும் பித்தளைச் சில்லும் பின்பக்கமாக வரும். பின்பக்கத்தில்தான் சுடுகிறவருடைய முகம் இருக்கிறது. கன்னத்தை ஒட்டி வைத்து, ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைத் திறந்து.

டீச்சருடைய நம்பர் லைசென்ஸ் நகலில் இருந்தது. போன் அடித்தது, எடுக்கவில்லை. கிளப்பில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பயிற்சி கொடுக்கிற ஹவில்தார் அண்ணாச்சிக்குப் போட்டேன். அவருடைய போனும் அதே பெட்டிக்குள்தானே கிடக்கும்.

கடையில் பதினோரு துப்பாக்கிகள் வெளியே இருந்தன. அவற்றைப் போட்டுவிட்டு ஓட முடியாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டக அறையில் வைத்துப் பூட்டினேன். பரமசிவத்தின் ரைஃபிளையும் சேர்த்துத்தான். அவர் குதித்தார்.

"என்னவே இது, கைல குடுக்கப் போறத திரும்ப உள்ள வைக்கீரு? நான் சுரண்டைல இருந்து இதுக்குன்னு வந்திருக்கேன்!"

"அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்து போச்சு. நான் போயே ஆகணும். நாளைக்கு வாங்க."

"முதலாளிட்ட சொல்லுதேன் பாத்துக்கிடும்."

"சொல்லுங்க. நானும் சொல்லத்தான் போறேன்."

ஷட்டரை இறக்கும்போது மணி இரண்டு ஐம்பத்தைந்து.

சீசன் நேரத்தில் தென்காசியில் இருந்து குற்றாலத்துக்கு வண்டியில் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலகரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே வேன்கள் வரிசை. தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டோடு ரோட்டுக்கு நடுவில் நடக்கிற ஆட்கள். நேந்திரங்காய் சிப்ஸ் கடை முன்னால் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போன ஒரு குடும்பம். சாரல் என் கண்ணாடி முழுவதும் படிந்து ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ஓட்டினேன்.

அந்த வழியில் என் மனது என்ன செய்தது என்பதையும் மறைக்கவில்லை. முதல் ஐந்து நிமிஷம் டீச்சரின் கண்ணைப் பற்றித்தான் நினைத்தேன். அதற்கப்புறம் என்னைப் பற்றி நினைக்கத் தொடங்கிவிட்டேன். இருபத்தைந்து வருஷப் பேர். கிளப்பில் எல்லாரும் நம் கடையில் வாங்குகிறவர்கள். அத்தனை பேர் முன்னால் போய் என்னவென்று சொல்வது? நேரம் ஆக ஆக ஒரு பொய் தானாக உருவாகி வந்தது. 'அந்தப் பெட்டியில ஏதோ கோளாறாம், கம்பெனியில இருந்து திரும்பக் கேட்டிருக்காங்க.' நல்ல பொய். யாருக்கும் நஷ்டமில்லை. வேறு பெட்டி அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிடலாம். குற்றாலத்தைத் தாண்டி ஐந்தருவி ரோட்டில் திரும்பும்போது அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்துவிட்டேன்.

கிளப் வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். உள்ளே வெடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் ஓடிய அந்த நாற்பது அடியை நான் மறக்க மாட்டேன்.

கொட்டகைக்குள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நடுவில் மேஜை. மேஜை மேல் ரைஃபிள், தோட்டா அறையை மூடும் போல்ட் திறந்தபடி. டீச்சர் அதன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கையை ரைஃபிள் மேலேயே வைத்திருந்தார். ஹவில்தார் அண்ணாச்சி எதிரே நின்று கொஞ்சம் கோபமாகவே பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. கடைக்காரரே வந்தாச்சு. நீங்களே சொல்லுங்க இவங்களுக்கு. தோட்டா உள்ள போகுது, போல்ட் மூடுது, லைசென்ஸ் சரியா இருக்கு. அப்புறம் என்ன சந்தேகம்? அரை மணி நேரமா சுடுத லேன் காலியாக் கெடக்கு."

டீச்சர் என்னைப் பார்த்தார். "உள்ள போகுது அண்ணாச்சி. நானும் பாத்தேன். ஆனா ஆடுது. ரெண்டு-எட்டு வளையல ரெண்டு-நாலு கைக்குப் போட்டா அதுவும் போகத்தான் செய்யும். அதுக்காக அது அந்தக் கைக்கு உள்ள வளையலா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"நீங்க கடைல அந்தத் தாள சரியாப் பாக்கல" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. "பாத்துச் சொன்னீங்கன்னா சுடுதேன். பாக்காமச் சொன்னா சுட மாட்டேன்."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய் எனக்கு அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். வந்தது. நாக்கின் நுனியில்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அங்கே நின்ற ஏழெட்டுப் பேரும் என்ன கற்றுக்கொண்டு போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெட்டியில் கோளாறு, மற்றபடி இந்த ரைஃபிளுக்கு இந்தத் தோட்டா சரிதான் என்று. அடுத்த வாரம் வேறு பெட்டியில் இருந்து ஒருத்தர் எடுத்துப் போட்டிருப்பார்.

"சுடாதீங்க டீச்சர்" என்றேன். "தப்பான தோட்டாவக் குடுத்திட்டேன். தாளப் பாக்கல. தப்பு என் மேலதான்."

சுற்றி நின்றவர்கள் மேஜையை நெருங்கி வந்தார்கள்.

ஹவில்தார் அண்ணாச்சி ஒரு துணியில் எண்ணெய் தொட்டு, பேரலின் அந்த இடத்தைத் தேய்க்கத் தொடங்கினார். ராணுவத்தில் பழகிய கை, பொறுமையாகத் தேய்த்தது. துரு கரைந்து 'எம்' வந்தது, 'ஏ' வந்தது, கடைசியாக 'ஜி' வந்தது. லென்ஸ் வைத்து இரண்டு முறை வாசித்தார். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான்தான் முதல்ல சுட்டுக் காட்டுதேன்னு சொன்னேன்" என்றார் மெதுவாக. "'குடுங்க டீச்சர், ஒண்ணு சுட்டுக் காட்டுதேன், பயம் போயிரும்'னு கைய நீட்டினேன். இவங்க ரைஃபிள விடல. என் லைசென்ஸ்ல இருக்கு, நான் தர மாட்டேன்னுட்டாங்க. எனக்குக் கோவம் கூட வந்திச்சு."

அவர் தன் வலது கண்ணை ஒரு தடவை விரலால் தேய்த்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. வழியெல்லாம் ஒரு புது ஆளின் முகத்தை நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த நிமிஷத்தில் ஆபத்தில் இருந்தவர் முப்பது வருஷம் துப்பாக்கி பிடித்தவர். அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இரண்டு பேருடைய அனுபவத்துக்கும் நடுவில், துப்பாக்கியைத் தொட்டே ஒரு மாதம் ஆகாத ஒருத்தர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

டீச்சருக்கு அது சுலபமாக இருந்திருக்காது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள், எல்லாரும் தெரிந்தவர்கள், எல்லாரும் 'ஒண்ணும் ஆகாது' என்று சொன்னவர்கள். அன்றைக்குப் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரும்போது அவரிடம் கேட்டேன்.

"அத்தன பேரு சொல்லியும் எப்படி டீச்சர் அசராம இருந்தீங்க?"

"அசராமயா இருந்தேன்? கை நடுங்கிட்டுத்தான் இருந்துது அண்ணாச்சி. ரைஃபிள் மேல கைய வச்சதே அதனாலதான். நடுங்குறது தெரியக் கூடாதுல்லா."

மறுநாள் காலையில் பரமசிவம் வருவதற்கு முன்னால் நானே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பேரலப் பாக்காம லைசென்ஸ மட்டும் பாத்து எத்தன வருஷமாக் குடுத்திட்டிருக்கோம்?"

'குடுத்திட்டிருக்கே' என்று கேட்கவில்லை. 'குடுத்திட்டிருக்கோம்' என்றார். இத்தனை வருஷம் அவரோடு வேலை பார்த்ததில் எனக்கு மறக்காத வார்த்தை அது. தப்பு செய்தவனைத் தனியாக நிற்க வைத்தால் அவன் அடுத்த தப்பை மறைப்பான். நீங்கள் நாளைக்கு இந்தக் கடையை நடத்துகிற இடத்துக்கு வரும்போது இதை யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்கே ஜன்னல் ஓரத்தில் ஒரு மேஜை போட்டோம். விளக்கு, லென்ஸ், எண்ணெய்த் துணி. பழைய பதிவேட்டைப் புரட்டி, நம்மிடம் தோட்டா வாங்குகிற ரைஃபிள்காரர்கள் எல்லாருக்கும் போன் செய்தோம். ஒருமுறை ரைஃபிளையும் கையிருப்புத் தோட்டாவையும் கொண்டுவந்து காட்டுங்கள் என்று கேட்டோம். பாதிப் பேர் சந்தோஷமாக வந்தார்கள். மீதிப் பேருக்கு மரியாதை பிரச்சினை. 'எங்கள நம்பலையா?'

பரமசிவம் வந்தார். ஏற்கெனவே என் மேல் கோபம். ரைஃபிளை மேஜை மேல் வைத்தார். அதன் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவை டொப்பென்று வைத்தார்.

"பாருமய்யா. நல்லாப் பாரும்."

ரைஃபிளில் குறை இல்லை. வழக்கமான பாயிண்ட் 22, எழுத்து தெளிவாக இருந்தது. டப்பாவைத் திறந்தேன். உள்ளே உதிரித் தோட்டாக்கள். அவர் வாங்கியது, அவர் அப்பா வைத்துவிட்டுப் போனது, எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தது. சில தோட்டாக்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. இந்தச் சின்னத் தோட்டாக்களின் அடியில் பெரும்பாலும் கம்பெனி அடையாளம் மட்டும்தான் இருக்கும். எந்த வகை என்பது பெட்டியில்தான் எழுதியிருக்கும். பெட்டி போனால் தோட்டாவின் ஊர் பேர் போன மாதிரி.

அவரிடம் 'இது கூடாது' என்று நான் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். டப்பாவும் அவரோடு போயிருக்கும். அதனால் மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்துக் கொட்டினேன்.

"அண்ணாச்சி, நான் இதுல ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எது எது எந்தப் பெட்டியோடதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே பிரிச்சு வச்சிருங்க. நான் டீ சொல்லுதேன்."

அவர் மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் பிரித்தார். லென்ஸை அவரே எடுத்துக்கொண்டார். கடைசியில் ஒரு சின்னக் கும்பல் எதிலும் சேராமல் நின்றது. அதில் இரண்டைக் கையில் உருட்டிப் பார்த்தார். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அதை என்னிடம் காட்டவில்லை. தானே பார்த்துக்கொண்டார். அப்புறம் தாளோடு சேர்த்து அத்தனையையும் என் பக்கம் தள்ளினார்.

"பிரிச்சதும் வேண்டாம்வே. எல்லாத்தையும் எடுத்திரும். எதுக்கு வம்பு? முறைப்படி ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருவோம்." டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு அந்த அம்மாவ நான்தான் அவசரப்படுத்தினேன், இல்ல?" என்றார்.

"அவங்க அவசரப்படல அண்ணாச்சி. நான்தான் பட்டேன்."

டீச்சருடைய ரைஃபிளுக்குச் சரியான தோட்டா கிடைக்க ஒன்பது மாதம் ஆனது. அந்த ஒன்பது மாதமும் அவர் கிளப் ரைஃபிளில் பழகினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவார். இடையில் அவருக்கு ஆலோசனை சொன்னவர்கள் நிறைய. தோட்டாவைச் சுற்றி ஏதாவது சுற்றிப் போடலாம் என்று ஒருத்தர். 'ஒண்ணு ரெண்டு சுட்டா ஒண்ணும் ஆகாது' என்று இன்னொருத்தர். ஒவ்வொன்றையும் கடைக்கு வந்து எங்களிடம் சொல்லிவிட்டுப் போவார். எதையும் செய்து பார்க்கவில்லை. 'இத்தன வருஷம் பெட்டிக்குள்ள கெடந்திச்சு, இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும்' என்பார். அந்த நாட்களில் ரைஃபிளைத் துப்பாக்கி பழுது பார்க்கிற ஒருவரிடம் கொடுத்து, போல்டையும் சேம்பரையும் சோதித்து எழுதி வாங்கிக்கொண்டோம். பழைய துப்பாக்கிக்குத் தோட்டா சரியாக இருந்தால் மட்டும் போதாது. துப்பாக்கியும் அந்தத் தோட்டாவைத் தாங்க வேண்டும். இதையும் அவர்தான் முதலில் கேட்டார்.

இப்போது உங்களுக்கு. நம் கவுண்டருக்கு வருகிற ஆட்களில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள். சில கேள்வி சிரிப்பாகக்கூட இருக்கும். சிரிக்காதீர்கள். அவர்கள் ஒவ்வொன்றையும் முதல் தடவை பார்க்கிறார்கள். நாம் பார்ப்பதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகியிருக்கும். பேரலில் இருப்பதையும் பெட்டியில் இருப்பதையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் கொடுக்காதீர்கள். எழுத்து தெரியவில்லை என்றால், தெரிகிற வரை கொடுக்காதீர்கள். 'தெரியல, பாத்துச் சொல்லுதேன்' என்று சொன்னால் உங்கள் மரியாதை குறையும் என்று நினைப்பீர்கள். எனக்கு அது இருபத்தைந்து வருஷம் வாயில் வரவில்லை. வந்த பிறகு இருந்த இரண்டு வருஷமும் நிம்மதியாக வேலை பார்த்தேன்.

தோட்டா வந்த அன்று டீச்சர் ரைஃபிளோடு கடைக்கு வந்தார். பங்குனி வெயில். அருவியில் தண்ணீர் நூலாக விழுகிற காலம். முதலாளி பெட்டியை எடுத்துக் கொடுத்தார். ஜன்னல் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். டீச்சர் பேரலில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். நான் பெட்டியில் இருந்ததை வாசித்தேன். முடிந்ததும், "இப்போ மாத்தி வாசிப்போம்" என்றார். மாற்றி வாசித்தோம்.

அன்று மத்தியானம் நானும் கிளப்புக்குப் போனேன். இந்தத் தடவை மெதுவாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. ஹவில்தார் அண்ணாச்சி பேரலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். தோட்டாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். ரைஃபிளை டீச்சரிடம் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டோம், காதை மூடிக்கொண்டோம். டீச்சர் படுத்து, ரைஃபிளின் கட்டையைத் தோளில் அணைத்து, கன்னத்தைப் பதித்தார். தோட்டா உள்ளே போனது. ஆடவில்லை.

சுட்டார்.

குறிப் பலகையின் வெள்ளை ஓரத்தில், வளையங்களுக்கு ரொம்ப வெளியே, ஒரு ஓட்டை விழுந்தது. ஹவில்தார் அண்ணாச்சி பைனாகுலரை இறக்கினார். டீச்சர் போல்டைத் திறந்து, வெளியே வந்த காலிக் கூட்டை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளவு இல்லை, வீக்கம் இல்லை. காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா இதச் சுட்டு நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி. நான் பொறக்கதுக்கு முன்னாலயே பெட்டில வச்சிட்டாங்க. சத்தம் இப்படித்தான் இருந்திருக்கும், என்ன?"

"இப்படித்தான் இருந்திருக்கும் டீச்சர்" என்றேன்.

அவர் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு, இரண்டாவது தோட்டாவை எடுத்தார்.